கொட்டகச்சியேந்தலிலிருந்து 'மண்டேலா'வைப் பார்த்தல்

சனநாயகம் எங்கே சாகிறது என்று கேட்டால் நாம் தொலைவிலுள்ள ஊர்களையே சுட்டிக்காட்டிப் பழகிவிட்டோம். இராணுவ வண்டிகள் தலைநகரின் தெருக்களில் நுழைந்த நாடுகளைச் சொல்வோம். நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டின் அவசரநிலையைச் சொல்வோம். அவையெல்லாம் உண்மைதான். எனினும் துப்பாக்கியும் ஆணைப் பத்திரமும் இன்றி, ஊர்ப் பொதுமந்தையில் நாலு பெரியவர்கள் கூடி, வெற்றிலை போட்டு, எவர் மனமும் நோகாதபடி பேசி முடித்து ஒரு தேர்தலை இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்பதைக் காண விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட கிழக்குப் பகுதிக்குப் போனால் போதும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிப் பக்கம் போகிறவர்கள் ஊர்ப் பெயர்களைக் கவனித்திருப்பார்கள். ஏந்தல், குளம், ஊருணி என்று நீரின் பெயரால் அமைந்த ஊர்கள் பல. ஏந்தல் என்றால் மழைநீரை ஏந்தி நிற்கும் சிறு கண்மாய். பெயரில் இருக்கும் நீர் நிலத்தில் இருப்பதில்லை. குண்டாறு மழைக்காலத்தில் சில நாள் ஓடி, பிறகு மணலாகக் கிடக்கும். கண்மாய்களின் உள்வாயெல்லாம் சீமைக் கருவேலம் மண்டி, அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது பலருக்குப் பிழைப்பு. இந்தச் சீமையில் நரிக்குடி ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூராட்சிதான் கொட்டகச்சியேந்தல்.

1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது. அதன்படி இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களும் ஒதுக்கப்பட்ட பட்டியலில் வந்தன. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே நடந்தது ஒரே கதையின் பல பதிப்புகள்தான். தேர்தல் அறிவிக்கப்படும், மனுப் போட ஆள் இராது. ஆள் இருந்தால் ஊரே நிறுத்திய ஆளாக இருப்பார். வெற்றி பெற்றதும் பதவி விலகல் கடிதம் போய்ச் சேரும். மறுபடி அறிவிப்பு, மறுபடி விலகல். 2006 அக்டோபரில்தான் நான்கு ஊர்களிலும் தலைவர்கள் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நீடித்தனர். அதைக் கொண்டாட அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தினார். ஒரு தேர்தல் நடந்ததற்காகவே மாநில அரசு விழா எடுக்க வேண்டிவந்தது என்பதில் உள்ள பெருமையும் தலைக்குனிவும் அன்று ஒரே மேடையில் அமர்ந்திருந்தன.

இந்த ஊரின் நினைவோடுதான் மடோன் அஸ்வின் எழுதி இயக்கிய 'மண்டேலா' திரைப்படத்தை அணுக வேண்டும் என்பது என் எண்ணம். 2021 ஏப்ரல் 4-ஆம் நாள், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே நாள் முன்னர், அது தொலைக்காட்சியில் வெளியானது. அறுபத்தெட்டாவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த உரையாடல் என இரு விருதுகளை அது பெற்றது. நம் பங்கு இளைஞர் குழுக்களில் திரையிட்டுக் கலந்துரையாடத் தகுந்த படம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் படத்துக்கும் நமக்கும் நன்மையில்லை.

கதை பலருக்குத் தெரிந்ததே. சூரங்குடி என்னும் ஊர் இரு சாதிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஊர்த் தலைவர் பெரியய்யா ஒற்றுமைக்காக இரு சாதியிலும் மணம் செய்துகொண்டவர். ஒவ்வொரு மனைவிக்கும் ஒரு மகன். ஒவ்வொரு மகனுக்கும் பின்னால் ஒரு சாதி. அரசுப் பணத்தில் கட்டிய பொதுக் கழிப்பறையை எவர் முதலில் திறப்பது என்ற சண்டையில் கழிப்பறையே இடிந்துபோகிறது. படத்தின் இந்தத் தொடக்கமே நம் ஊராட்சி அரசியலின் முழு உரையாக அமைந்துவிட்டது. தந்தை நோயில் விழ, மகன்கள் தேர்தலில் நிற்கிறார்கள். வாக்குகளை எண்ணிப் பார்த்தால் இருபுறமும் சரிசமம். மீதி இருப்பது ஒரே ஒரு வாக்கு. அது மரத்தடியில் வாழும் முடிதிருத்துபவருடையது. யோகி பாபு அந்த வேடத்தில் தம் வழக்கமான கேலியை அடக்கி வாசித்திருக்கிறார்.

அவருக்கு ஊரார் வைத்திருப்பது பெயரல்ல, ஏளனம். சேமித்த பணத்தைப் போட அஞ்சலகம் போகும்போதுதான் தமக்குப் பெயரே இல்லை என்பது அவருக்கு உறைக்கிறது. அஞ்சலகத்தில் பணிபுரியும் தேன்மொழி பெயர் தேடித் தருகிறார். நெல்சன் மண்டேலா என்ற பெயரில் கணக்கும், ஆதாரும், வாக்காளர் அட்டையும் வந்து சேர்கின்றன. இக்காட்சிகளில்தான் படம் தன் உயரத்தைத் தொடுகிறது. தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் முடிதிருத்துபவரை எச்சொல்லால் அழைத்தார்கள் என்பதை முதியவர்கள் அறிவார்கள். குடிமகன் என்பதே அச்சொல். களத்துமேட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் அளக்கப்படும்போது தம் பங்குக்காகக் காத்து நிற்பவர். கொல்லைப்புற வழியே வீட்டுக்குள் வருபவர். நன்மைக்கும் தீமைக்கும் ஏவிய வேலையைச் செய்பவர். அரசியலமைப்பைத் தமிழில் சொல்ல வந்தவர்களும் நாட்டின் உரிமையுள்ள மாந்தரைக் குறிக்க அதே குடிமகன் என்ற சொல்லைத்தான் எடுத்தாண்டார்கள். ஊரின் குடிமகன் நாட்டின் குடிமகன் ஆவது எப்போது, எந்தக் காகிதத்தின் வழியே என்பதை இப்படத்தைப் போல் இவ்வளவு எளிமையாகக் காட்டிய வேறொரு தமிழ்ப் படம் என் நினைவுக்கு வரவில்லை. மேடைப் பேச்சாளர்கள் சனநாயகத்தின் பெருமையைச் சொல்ல உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு ஓடுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை வியப்புக்குரியதே. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வரி கட்டும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்று அதே கல்வெட்டு சொல்கிறது. நிலமற்றவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே இல்லை. சூரங்குடியின் மரத்தடியில் பெயரின்றி வாழ்ந்தவன் கையில் அட்டை வந்து சேர்ந்தது குடவோலையின் தொடர்ச்சியல்ல, அதற்கு எதிரான நிகழ்வு.

இனிப் படத்தோடு நான் மாறுபடும் இடத்துக்கு வருகிறேன்.

ஒற்றை வாக்குக்காக இரு தரப்பும் பரிசுகளைக் கொட்டுகின்றன. பரிசு பலிக்காதபோது ஏலம். ஏலம் பலிக்காதபோது அடி. பிறகு அந்த மனிதர் தம் வாக்கைத் தமக்காக அல்லாமல் ஊருக்காக விலை பேசத் தொடங்குகிறார். தண்ணீர் வருகிறது, சாலை வருகிறது, பள்ளி சீராகிறது. பார்வையாளர் நெகிழ்ந்து கைதட்டுகிறார்கள். நானும் நெகிழ்ந்தேன். ஆனால் கணக்கு உதைக்கிறது. இந்த நெகிழ்ச்சி முழுவதும் இரு சாதிகளும் தலைக்குத் தலை சமமாக இருக்கின்றன என்ற ஓர் எண்கணித விபத்தின் மேல் நிற்கிறது. ஒரு பக்கம் இரண்டு வாக்கு கூடியிருந்தால் மரத்தடி மனிதரை எவரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அட்டை கையில் இருந்தும் அவர் பழைய குடிமகனாகவே கொல்லைப்புறம் போயிருப்பார். திருச்சுழிச் சீமையின் ஊர்களில் அந்தச் சமநிலை எங்கே இருக்கிறது? நிலமும் கண்மாய் மடையும் கோயில் முதல்மரியாதையும் எவரிடம் உள்ளனவோ, பெரும்பாலும் எண்ணிக்கையும் அவரிடமே உள்ளது. அங்கே ஒடுக்கப்பட்டவரின் வாக்குக்கு விலை ஏறாது. விலையே கேட்கப்படாது.

அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. படம் முழுவதிலும் எவருமே கேட்காத ஒரு கேள்வி: மண்டேலா ஏன் தேர்தலில் நிற்கக் கூடாது? ஊருக்கு என்ன வேண்டும் என்று அறிந்தவர் அவர். எல்லா வீட்டுக்கும் போய் வந்தவர் அவர். பேரம் பேசிச் சாதித்தவரும் அவரே. எனினும் திரைக்கதையின் கற்பனைக்குள் அவர் வாக்காளராக இருக்கலாம், நீதிமானாக இருக்கலாம், வேட்பாளராக மட்டும் ஆக முடியாது. அதிகாரம் பெரியய்யாவின் குருதியில்தான் ஓட வேண்டும். எந்த மகன் என்பதை மட்டும் ஏழை தேர்ந்தெடுக்கலாம். இயக்குநர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. நையாண்டிக் கதைக்கு இரு துருவமும் ஒரு நடுப்புள்ளியும் தேவைப்பட்டிருக்கும். ஆனால் கொட்டகச்சியேந்தல் இந்த இடத்தில்தான் குறுக்கே வந்து நிற்கிறது. அங்கே பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்தது வாக்கு அல்ல, வேட்புமனு. யாருக்கு வேண்டுமானாலும் வாக்களித்துக்கொள், ஆனால் நீ நிற்காதே, நின்றாலும் உட்காராதே. இதுதான் ஆதிக்கத்தின் உண்மையான கட்டளை. வாக்கை விற்கும் ஏழையைக் கண்டு நாம் சிரிக்கிறோம், சினக்கிறோம், மறையுரையில் கண்டிக்கிறோம். வேட்பாளராகும் துணிவை ஊரே சேர்ந்து கருக்கிய கதைக்கு நம்மிடம் அவ்வளவு சினம் இருந்ததா என்பது ஐயமே.

விவிலிய வாசகர்களுக்கு நீதித் தலைவர்கள் நூலின் ஒன்பதாம் அதிகாரம் நினைவுக்கு வரலாம். மரங்கள் தங்களுக்கு அரசனைத் தேடிப் போன உவமையை யோத்தாம் மலைமேல் நின்று சொல்கிறான். ஒலிவமும் அத்தியும் திராட்சையும் தத்தம் பயனை விட்டுவர மறுக்க, கடைசியில் முட்புதர் ஒப்புக்கொண்டு தன் நிழலில் ஒதுங்கச் சொல்கிறது. நல்லவர்கள் ஒதுங்குவதால் முள் ஆள்கிறது என்றே இதை நாம் வழக்கமாக விளக்கி வந்திருக்கிறோம். சீமைக் கருவேலம் மூடிய கண்மாய்க் கரையில் நின்று படித்தால் வேறொன்றும் தோன்றுகிறது. இங்கே அத்தியும் ஒலிவமும் மறுக்கவில்லை. அவற்றைக் கேட்கவே விடவில்லை. முள் முந்திக்கொண்டு வேரூன்றி, நிலத்தடி ஈரத்தையும் உறிஞ்சிவிட்டது.

ஒருமனதாக என்ற சொல் நம் சிற்றூர்களில் மிகுந்த மதிப்புடையது. போட்டி வந்தால் பகை வரும்; பகை வந்தால் ஊர் இரண்டுபடும்; ஆகவே பேசி முடிப்போம் என்பார்கள். அவ்வாறு பேசி முடிக்கும் இடத்தில் பெண்கள் இருப்பதில்லை; சேரியிலிருந்து எவரும் வருவதில்லை; வந்தாலும் நின்றுகொண்டிருப்பார்கள். சில ஊர்களில் தலைவர் பதவி கோயில் திருப்பணிக்கென்று ஏலம் விடப்படுவதும் உண்டு. கோயில் கோபுரம் உயர்கிறது, ஊராட்சி தாழ்கிறது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது இதே விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தலைவரை ஊர்க்கூட்டத்திலேயே முடிவு செய்வதை எதிர்த்துக் கேட்ட இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஒருமனது என்ற சொல்லுக்குள் ஒரு மனத்தைத் தவிர மற்ற மனங்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அது சான்று. 'மண்டேலா' ஏலத்தை நகைச்சுவையாகக் காட்டியது கலைஞனின் உரிமை. ஆனால் படத்தில் ஏலம் போட்டியின் உச்சம். நம் ஊர்களில் ஏலம் போட்டியைக் கொல்லும் கருவி. இந்த வேறுபாட்டைப் படம் தவறவிட்டது.

தேர்தலும் குருதியும் இந்த மண்ணில் அருகருகே ஓடியவை. 1957 ஜூலையில் முதுகுளத்தூர் இடைத்தேர்தலை அடுத்து மூண்ட பகை, செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொலையில் வந்து நின்றது. தொடர்ந்த கலவரமும் துப்பாக்கிச் சூடும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சுட்டெரித்தன. நாற்பது ஆண்டு கழித்து, 1997 ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவில் ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த முருகேசனும் அவரோடு இருந்த ஐவரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். கொட்டகச்சியேந்தலில் மனுப் போட எவரும் முன்வரவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதியபோது, அந்தத் தயக்கத்தைச் சோம்பலாகவோ அறியாமையாகவோ எவரும் படித்திருக்க முடியாது.

இது நம் மாவட்டத்தின் தனி நோய் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்க நாட்டில் 1870-இல் பதினைந்தாம் திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையைத் தந்தது. தென்மாநிலங்கள் அதைத் தலைவரி கேட்டும், எழுத்தறிவுத் தேர்வு வைத்தும், இரவில் முகமூடி அணிந்தும் பிடுங்கிக்கொண்டன. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்து நடுவண் அரசு நேரடியாகத் தலையிடும்வரை, தொண்ணூற்றைந்து ஆண்டுகள் அந்த உரிமை பெரும்பாலும் ஏட்டில் இருந்தது. அந்த அளவுகோலில் கொட்டகச்சியேந்தலின் பத்தாண்டு குறுகியதுதான். அது குறுகியதற்குக் காரணம், சட்டம் தன்னால் விளைந்ததன்று. தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் இந்த ஊர்ப் பெயர்களை மறக்கவிடாமல் ஓயாது சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசியில் மாவட்ட நிருவாகமும் மனம்வைத்தது. படத்தின் தலைப்புக்கு உரியவரையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். இருபத்தேழு ஆண்டு சிறையிருந்த நெல்சன் மண்டேலா 1994 ஏப்ரலில் முதன்முறையாக வாக்களித்தார். அந்தத் தேர்தலிலேயே வேட்பாளராக நின்று குடியரசுத் தலைவரானார். ஒரே பதவிக்காலத்தோடு 1999-இல் தாமே விலகினார். வாக்கு, வேட்பு, விலகல் என்ற மூன்றில் முதலாவதை மட்டுமே நம் மரத்தடி மண்டேலாவுக்குப் படம் கொடுத்தது.

இங்கே பாமாவின் 'வன்மம்' (2002) நாவலை அருகில் வைக்க விரும்புகிறேன். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த இந்த எழுத்தாளர், கண்டம்பட்டி என்ற ஊரில் இரு ஒடுக்கப்பட்ட சாதிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதையும், நிலவுடைமையாளர் அந்தப் பகையில் குளிர்காய்வதையும் எழுதினார். கலையழகில் அது 'கருக்கு' அளவுக்கு உயரவில்லை. பல இடங்களில் உரையாடலே கதையை இழுத்துச் செல்கிறது, பாத்திரங்கள் சில முகமின்றிப் போகின்றன. ஆனால் அரசியல் அறிவில் அது 'மண்டேலா'வை விட முன்னே நிற்கிறது. பகைத்தவர்கள் சேர்ந்து ஊராட்சித் தேர்தலில் நிற்கிறார்கள். எவருக்கு வாக்களிப்பது என்ற கேள்வியிலிருந்து யார் நிற்பது என்ற கேள்விக்கு நாவல் நகர்ந்துவிட்டது. அந்த நகர்வுக்கு முன் ஊரில் எத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது என்பதையும் அது மறைக்கவில்லை.

பாமாவைச் சொல்லும்போது நம் வாசகர்களை நேரே தொடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டால், அங்கே வாழும் தலித் கிறிஸ்தவர் அந்தத் தலைவர் பதவிக்கு மனுப் போட முடியாது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட சட்டம் கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே ஊர்ப் பொதுமந்தையில் சாதியால் தள்ளப்படுபவர், வேட்புமனு மேசையில் திருமுழுக்கினால் தள்ளப்படுகிறார். இதற்காக நாம் ஊர்வலம் போகிறோம், போகவும் வேண்டும். ஆனால் அதே ஊர்வலத்தில் வரும் நம் பங்குகளில், பங்குப் பேரவைக்கு எவர் பெயர் முன்மொழியப்படுகிறது, எவர் பெயர் ஒருமனதாக விடுபடுகிறது என்பதையும் பொதுநிலையினர் கணக்கெடுத்துப் பார்க்கலாம். அங்கே நம்மைத் தடுக்க எந்த அரசாணையும் கிடையாது.

'மண்டேலா' படம் முடிவு அறிவிக்கப்படுமுன் நின்றுவிடுகிறது. எந்த மகன் வென்றான் என்பது முக்கியமில்லை என்று இயக்குநர் கருதுகிறார். கலை நோக்கில் அது சரியான முடிவே. ஆனால் கொட்டகச்சியேந்தலைப் போன்ற ஊர்களில் கதை தொடங்குவதே முடிவு அறிவித்த பிறகுதான். வெற்றிச் சான்றிதழை வாங்கியவர் அலுவலகச் சாவியை வாங்க வேண்டும். காசோலையில் அவர் கையெழுத்துக்கு மதிப்பு வேண்டும். கிராம சபையில் அவர் சொல் பதிவேட்டில் ஏற வேண்டும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், தலித் பெண் தலைவர் தரையில் அமர்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்த புகைப்படம் நாடெங்கும் பரவியது. 2022 ஆகஸ்டில், விடுதலை நாளன்று தலித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் எழுத வேண்டியிருந்தது. ஒரு நாற்காலியையும் ஒரு கொடிக்கயிற்றையும் வைத்து எடுக்க வேண்டிய படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

அந்தத் தலைவர்களில் பெரும்பாலோர் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வந்தவர்கள். அதற்கு முன், 2016 அக்டோபர் தொடங்கி மூன்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழகத்தின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரும் இல்லை. 2025 சனவரி 5-ஆம் நாளோடு இவர்களுடைய பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் உரிய நாளில் நடத்தப்படவில்லை. ஒதுக்கப்பட்ட ஊராட்சி, ஒதுக்கப்படாத ஊராட்சி என்ற வேறுபாடின்றி இவர்களுடைய ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர்.